தொட்டில் கம்பி

அலுவலகத்தில் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் நான் செய்த தப்புகளுக்கெல்லாம் பங்காளிகள் இருந்தார்கள். ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் செய்த தப்பு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்போது நான் கேகாலை டவுனில் ஓர் எஞ்சினியரிடம் வேலை பார்த்தேன். அவர் சிங்களவர், அறுபதை நெருங்கியவர், எங்கள் எல்லாருக்கும் 'சேர்'. தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளின் கையில் கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை இடிக்கலாம் என்பதுதான் புதிதாக வந்த கம்பனிக்காரர்களின் கவலை. அந்தக் கவலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, டெக்னிக்கல் கொலேஜில் படித்து வந்தவள். தோட்டத்து ஆட்களோடு பேச ஒரு தமிழ் வாய் தேவைப்பட்டதால்தான் சேர் என்னை எடுத்தார் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். வாய்க்குத்தான் சம்பளம், மூளை இலவசம் என்று சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பேன்.

அந்த முறை சேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "நீயே போய்ப் பார்த்து எழுது" என்று என்னைத் தனியாக அனுப்பிவிட்டார். பையில் சுத்தியல், குத்தூசி, நூல்கண்டு, அளவு நாடா, டார்ச். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் குத்தூசியை வெளியே எடுத்து, இதால் யாரைக் குத்தப்போகிறாய் என்று கேட்டான். மரத்தை என்றேன். என் அடையாள அட்டையையும் குத்தூசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தான்.

நான் பார்க்கப்போனது மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவை. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. காலையில் மரங்களை வெட்டி முடித்து, மரத்தில் கட்டியிருக்கும் தேங்காய்ச் செரட்டைகளில் பால் நிறைவதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் தாய்மார் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஓடுவார்கள். மேல் டிவிசன் பெண்களுக்கு இது ஐந்து நிமிட நடை. கீழ் டிவிசனிலும் ஒரு பிள்ளைக்காம்பரா இருந்தது. ஆனால் அங்கே இறங்கி ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கட்டடம் முன்பு ரப்பர் ஸ்டோராக இருந்தது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத நீளமான ஹோல். சுவருக்குச் சுவர் ஐந்து பலா உத்திரங்கள். அவ்வளவு தூரத்துக்கு வெறும் மரத்தைப் போட்டால் நடுவில் தொய்ந்துவிடும். அது கட்டியவனுக்குத் தெரிந்திருந்ததால் ஒவ்வோர் உத்திரத்துக்கும் கீழே ஓர் இரும்புக் கம்பி கொடுத்திருந்தான். கம்பியின் இரண்டு நுனியும் உத்திரத்தின் இரண்டு தலையிலும் முடுக்கப்பட்டிருக்கும். நடுவில் இரண்டு குட்டைக் கட்டைகள் உத்திரத்திலிருந்து இறங்கிக் கம்பியை மிதித்துக்கொண்டு நிற்கும். கம்பி இறுகினால் கட்டைகள் உத்திரத்தை மேலே தள்ளும். வில்லுக்கு நாண் பூட்டுகிற மாதிரிதான். கம்பியின் நடுவில் டர்ன்பக்கிள் என்று ஓர் இரும்புக் கூடு. அதை ஒரு பக்கம் திருப்பினால் கம்பி இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். வெள்ளைக்காரத் துரைமாரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபோது, இவன் வேலை தெரிந்தவன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

உள்ளே மூன்றாவது உத்திரத்துக் கம்பியில் நான்கு சேலைத் தொட்டில்கள் தொங்கின. நான்கிலும் பிள்ளைகள் தூங்கின. காவலுக்கு இருந்த ஆயம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவ்வளவு குட்டையான பெண்ணை நான் பார்த்ததில்லை. ஒரு கையால் ஒரு தொட்டிலையும் ஒரு காலால் இன்னொரு தொட்டிலையும் ஆட்டிக்கொண்டே என்னை வரவேற்றார்.

"தொட்டில் கம்பி பாக்கவா மிஸ் வந்தீங்க? நல்லா பலமா இருக்குதுங்க. எத்தனையோ புள்ளைங்களத் தாங்கியிருக்கு, பயப்படாதீங்க."

"கம்பி தொட்டிலுக்குப் போட்டதில்ல ஆயம்மா. கூரைக்குப் போட்டது."

அவர் மேலே பார்த்தார். "கூரைக்கு எதுக்குங்க கம்பி? அதுதான் மேல நல்லா குந்தியிருக்குதே."

நான் ஏணி போட்டு ஏறினேன். உத்திரங்களின் தலை சுவருக்குள் நுழையும் இடங்களில்தான் முதலில் ஈரம் ஏறும், கறையான் வரும். ஒவ்வொன்றிலும் குத்தூசியைக் குத்திப் பார்த்தேன். ஊசி கால் அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை, அப்படி வைரம் பாய்ந்த மரம். பிறகு கம்பிகளைச் சுத்தியலால் தட்டினேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது கம்பிகள் பித்தளைக் குடத்தைத் தட்டினதுபோல் ணங்கென்றன. மூன்றாவது ஈர விறகைத் தட்டினதுபோல் சத்தம் போட்டது. நூல் பிடித்துப் பார்த்தேன். மற்ற உத்திரங்கள் நேராக இருந்தன, மூன்றாவது மட்டும் நடுவில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அதன் கம்பியும் மற்றக் கம்பிகளைவிட ஒரு சாண் தாழ்ந்து, கட்டைகளின் பிடியிலிருந்து விலகித் தொங்கியது.

அந்தக் கம்பியின் நடுவில், டர்ன்பக்கிள் இருக்க வேண்டிய இடத்தில், துணி முடிச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய பொதியாக இருந்தன.

எனக்கு அது என்னவென்று தெரியும். பிள்ளை தொட்டிலை விட்டிறங்கி நடக்கத் தொடங்கியதும், தாய் தொட்டில் சேலையின் கரையில் இரண்டு விரல் அகலம் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, தொட்டில் தொங்கின இடத்திலேயே முடிந்துவிடுவாள். பிள்ளை எங்கே போனாலும் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம். அது தானாக இற்று விழ வேண்டும். அவிழ்ப்பதென்றால் கட்டின கைதான் அவிழ்க்கலாம். வேறு கை பட்டால் பிள்ளைக்கு ஆகாது. எல்லாத் தோட்டங்களிலும் இந்தப் பழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் இருந்தது. எனக்கான முடிச்சை அம்மா ஒருநாள் காட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லநேரம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களை வாய் ஓயாமல் கேலி செய்கிறவள். ஆனால் ஏணியில் நின்று அந்தப் பொதிக்கு நேராக முகம் வந்தபோது அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ. துணிக்குள்ளே கம்பிதானே இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதுதான் அந்தத் தப்பு. சேர் போயிருந்தால் பேனாக்கத்தியால் கீறி உள்ளே பார்த்திருப்பார். அவருக்கு அது பழந்துணி, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே தோட்ட மனேஜர் துரையிடம் சொன்னேன். மூன்றாவது கம்பி வயதாகி இழுபட்டுவிட்டது, அந்த உத்திரம் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும். அதையே எழுதியும் கொடுத்தேன். கீழே பிள்ளைகள் தூங்குகிற கூரை, பொறுத்துப் பார்க்கிற விஷயமில்லை. அன்று மாலையே கதவுக்குப் பூட்டு விழுந்தது. பிள்ளைகள் கீழ் டிவிசனுக்குப் போக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது நான் நான்கு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துப் பெருமையோடு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, முதுகு தேறி வந்த சேர் என் வரைபடத்தை விரித்தார்.

"நான்கு கம்பிக்கு டர்ன்பக்கிள் வரைந்திருக்கிறாய். மூன்றாவதுக்கு எங்கே?"

"துணி சுற்றியிருந்தது சேர்."

"அவிழ்த்துப் பார்க்கவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

முடிச்சைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். தமிழில் சொன்னால் நியாயமாகத் தோன்றியது சிங்களத்தில் சொல்லச் சொல்ல எனக்கே விசித்திரமாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கம்பி இழுபட்டது என்று எழுதியிருக்கிறாய். எங்கே இழுபட்டது என்று பார்க்கவில்லை. நீ எழுதினது ரிப்போர்ட் இல்லை மகள், ஜாதகம்."

அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறினேன்.

தோட்டத்துப் பாதையில் ஓர் இளம் தாய் கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். கையில் பால் வாளி, ரவிக்கையின் முன்பக்கம் ஈரம். மூன்று மாதப் பிள்ளைக்காரி, அன்று தொட்டிலில் தூங்கினவர்களில் ஒன்று அவள் பிள்ளை. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"மிஸ்தானே பூட்டச் சொன்னது?"

ஆமாம் என்றேன்.

"பத்து மணிக்கு எறங்கிப் போயி புள்ளைக்குக் குடுத்துட்டு ஏறி வர்றதுக்குள்ள செரட்டையில பால் ஒறஞ்சிருது. போனா கங்காணி கத்துறாரு. போவலைன்னா புள்ள கத்துது. நான் யாரு கத்துறதக் கேக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

"கூரை இடிஞ்சு தலையில விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டு மேலே நடந்தாள். கூரை இடிந்து விழுமா என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆயம்மா பூட்டிய பிள்ளைக்காம்பராவின் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத இடத்தை எதற்குக் கூட்டுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கீழ் டிவிசனில் ஏற்கெனவே ஓர் ஆயம்மா இருந்ததால் இவரைப் புல்வெட்டப் போகச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்களோ, அந்தப் பெரிய தலைப் பையனுக்குக் காது வலி, அதைக் கவனிக்கிறார்களோ இல்லையோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரமே கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குக் கேட்டேன். "ஆயம்மா, அந்த முடிச்சுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒரு இரும்புக் கூடு இருக்குதுங்க. மத்தக் கம்பியில இருக்கிற மாதிரிதான்."

"அத யாராவது திருப்புனாங்களா?"

ஆயம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு பெக்டரியில பிட்டரா இருந்தாருங்க. எனக்கு மக பொறந்த நேரம், முப்பது வருசம் இருக்கும், நான் பால் வெட்டப் போயிக்கிட்டிருந்தேன். கம்பி ஒசரம், எனக்குக் கை எட்டாது. தெனம் தொட்டில் கட்ட யாரையாவது கூப்பிடணும். எல்லாரும் அவசரத்துல நிப்பாங்க, மொணங்குவாங்க. அவருகிட்டச் சொல்லி அழுதேன். ஒரு ஞாயித்துக்கிழம பெரிய ஸ்பேனரக் கொண்டாந்து அந்தக் கூட்டத் திருப்பு திருப்புன்னு திருப்புனாரு. கம்பி ஒரு சாண் எறங்கிருச்சு. இனிமே ஒருத்தரையும் கெஞ்சாதன்னாரு. அதுக்கப்புறம் என்னய மாதிரி குட்டைங்க எல்லாம் இதுலதான் கட்டுறோம்." என் முகத்தைப் பார்த்து, "தப்புங்களா மிஸ்?" என்றார்.

"கூரைக்குத் தப்பு" என்றேன். பெண்சாதி தொட்டில் கட்ட எட்டவில்லை என்று ஒரு மனிதர் கூரையையே தளர்த்தியிருக்கிறார். முப்பது வருடமாக அந்தப் பலா உத்திரம் துணையில்லாமல் தனியாகத் தாங்கியிருக்கிறது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பினதைத் திருப்பி முறுக்கினால் போதும். அந்த மனிதர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டதாக ஆயம்மா சொன்னார். இருந்திருந்தால் அவரை நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

முறுக்க வேண்டுமென்றால் முடிச்சுகளை எடுக்க வேண்டும். ருவான்வெல்லை பஸாரிலிருந்து பாஸ் என்று எல்லாரும் கூப்பிடும் தச்சர் ஒருவர் பாரம் தூக்கும் ஜக்கும் முட்டுக்கட்டைகளும் கொண்டுவந்து, முதலில் உத்திரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். அவர் சிங்களவர். பொதியைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்குப் பயமென்றால் நான் வெட்டித் தருகிறேன், எனக்கு உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே உளியோடு ஏறினார். பாதி ஏணியில் நின்று யோசித்தார். இறங்கி வந்தார். "வேண்டாம், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார்.

ஆயம்மா லயமெல்லாம் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். மொத்தம் இருபத்தி மூன்று முடிச்சுகள். மேலே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும், அதனால் கடைசியாகக் கட்டினவள் முதலில் ஏறினாள். ரம்புக்கனையில் கடையில் வேலை செய்யும் ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்தாள். குவைத்துக்குப் போயிருந்தவளின் முடிச்சை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கட்டினவள் இல்லையென்றால் யாருக்காகக் கட்டினதோ அந்தக் கை அவிழ்க்கலாம் என்று ஆயம்மா தீர்ப்புச் சொன்னார். அவளுடைய ஏழு வயது மகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தக் குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுவதுபோல் கவனமாக அவிழ்த்தாள். தாய் செத்துப்போன ஒரு மீசைக்காரர் தன்னுடையதைத் தானே அவிழ்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் ஒரே ஒரு முடிச்சு மிஞ்சியது. கறுத்துப்போய், இரும்போடு ஒட்டினது. அதற்கு ஒருவரும் உரிமை கேட்கவில்லை. எல்லாரும் ஆயம்மாவைப் பார்த்தார்கள். அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாப்போம் மிஸ்" என்றார்.

அடுத்த நாள் தலைவலி என்றார். அதற்கு அடுத்த நாள் நானும் பாஸும் போய் நின்றபோது, இன்றைக்கு நாள் சரியில்லை என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆயம்மா, இருபத்திரண்டு பேரு அவிழ்த்துட்டாங்க. கைக்கொழந்தைங்க கீழ கெடந்து அழுவுது. நீங்க ஒரு முடிச்சுக்காகக் கதவ மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் கோபிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"அது எம் மகளோட முடிச்சுங்க. எனக்கு அவ ஒருத்திதான். அவ மாமன் குடும்பம் அக்கரைக்குப் போனப்ப, மாமன் மகனுக்கே கட்டிக் குடுத்துக் கப்பல் ஏத்திவிட்டோம். கொஞ்ச நாள்ல கப்பலும் நின்னுபோச்சு. ரெண்டு வருசம் கடுதாசி வந்துச்சு. கோத்தகிரிப் பக்கம் இருக்கோம்னு எழுதியிருந்தா. அப்புறம் எங்க மாறிப் போனாங்களோ தெரியல, நான் எழுதிப் போட்டது திரும்பி வந்துருச்சு. இந்த முடிச்சு இருக்கிற வரைக்கும் அவ எங்கயோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். தெனம் காலையில வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பேன். அவ இருக்கான்னு சொல்ல வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லைங்க மிஸ்."

சற்று முன் பேசின பேச்சுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கறையானுக்கும் துருவுக்கும் எங்கள் ரிப்போர்ட்டில் இடம் உண்டு. இதற்கு இல்லை. முடிச்சைத் தொடாமலே வேறு வழி பார்க்கலாம் என்றேன். அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று போடலாம், சேரிடம் பேசுகிறேன், துரைக்கும் எழுதுகிறேன் என்றேன்.

"அது எத்தன நாளுங்க?"

"கம்பனி ஒத்துக்கிட்டா மூணு மாசம் ஆவும்."

"ஒத்துக்கலைன்னா?"

ஒத்துக்கொள்ளாவிட்டால் இடித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்த பெண்கள் கீழ் டிவிசனிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறி வரும் நேரம் அது. பாதையில் அந்த மூன்று மாதப் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு போனது. தாய் நடந்துகொண்டே அதை மார்போடு சேர்த்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், அது கேட்கவில்லை. சத்தம் வளைவு திரும்பிப் போகும்வரை ஆயம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சேலை முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஏணியப் புடிங்க மிஸ்" என்றார்.

அது லேசில் அவிழவில்லை. நகத்தால் நெம்பினார். கம்பியோடு முகத்தை ஒட்டிப் பல்லால் இழுத்தார். உள்ளே வந்த பாஸ், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அரை மணி நேரம் இருக்கும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவருடைய பித்தவெடித்த குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். நம்பாதவள் கூப்பிட்டால் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

முடிச்சு முழுசாக அவிழ்ந்தது. ஒரு நூல்கூட அறவில்லை. ஆயம்மா அதைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்நேரம் அவளுக்குப் பொரையேறியிருக்கும்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனாலும் முகம் சிரித்த மாதிரி இருந்தது.

துணி மூடியிருந்ததால் டர்ன்பக்கிளில் துரு ஏறவில்லை. மற்ற நான்கையும்விட அதன் திருகு மரைதான் புதிசாக இருந்தது. பாஸ் ஜக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். கம்பி மேலே ஏறி, கட்டைகளைத் தொட்டு, இறுகியது. பலா மரம் ஒருமுறை முனகியது. நூல் பிடித்தேன். தொய்வில் பாதி எழுந்துவிட்டது. மீதி மரத்தின் வயசு, அதை ஒன்றும் செய்ய முடியாது. சுத்தியலால் தட்டினேன். மற்ற நான்கையும்போலவே ணங்கென்றது.

சேர் ஒருமுறை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். புது ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். பழைய ரிப்போர்ட்டில் எழுதினது தவறு, கம்பி இழுபடவில்லை, தளர்த்தப்பட்டிருந்தது என்று தெளிவாகவே எழுதினேன். யார் தளர்த்தியது என்று எழுதவில்லை. இனிமேல் கம்பிகளில் எதையும் கட்டக்கூடாது என்று சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். தொட்டில்களுக்காகச் சுவருக்குச் சுவர், ஆயம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில், தனியாக ஓர் இரும்புக் குழாய் போட வைத்தேன்.

திறந்த அன்று நானும் போனேன். பத்து மணிக்கு அந்த இளம் தாய் ஓடிவந்து சுவரோரம் உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "இன்னிக்கு எதப் பூட்ட வந்திருக்கீங்க மிஸ்?" என்றாள். பிள்ளை குடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போன பிறகு, புதுக் குழாயில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போனார்கள்.

ஆயம்மா இடுப்புச் செருகலிலிருந்து அந்தத் துணியை எடுத்தார். துவைத்து, மறுபடி மஞ்சள் நனைத்திருந்தார். மூன்றாவது கம்பியின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கம்பி ஒரு சாண் மேலே போய்விட்டிருந்தது. நுனிக்காலில் நின்றும் விரல் அதன் அருகில்கூடப் போகவில்லை. ஏணியைப் பாஸ் முதல் நாளே கொண்டுபோய்விட்டார்.

"புதுக் குழாயில கட்டிக்கலாமே ஆயம்மா."

"இல்லைங்க. அவ தூங்குன எடம் இது."

நான் கட்டித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கம்பியில் எதையும் கட்டக்கூடாது என்று கதவில் என் கையெழுத்தோடு இரண்டு மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் குனிந்து, ஆயம்மாவின் முழங்காலைச் சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு லேசாக இருந்தார். என் தலைக்கு மேலே அவருடைய கை துணியைக் கம்பியில் சுற்றுவது உடம்பு வழியாக எனக்குத் தெரிந்தது.

"மெதுவா கட்டுங்க ஆயம்மா" என்றேன். "நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."